நெஞ்சு கிளீனாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் லாரிக்காரத் தம்பிகளுக்கு

லாரி ஓட்டும் தம்பிகளுக்கும், வயதில் மூத்த அண்ணன்மார்களுக்கும், கேபினில் இடது பக்கம் உட்கார்ந்து வரும் கிளீனர் பிள்ளைகளுக்கும் இந்தக் கடிதம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் என்று நம் பக்கத்திலிருந்து வண்டி எடுத்துப் போகிற உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலருடைய கால்களை என் கையால் கழுவி, மருந்து வைத்துக் கட்டியிருக்கிறேன். எங்கள் வீடும் லாரி வீடுதான். அப்பா வாழ்நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்தவர். தம்பி கிளீனராகப் போய் டிரைவர் ஆனவன். இரண்டு நாள் லோடு இறங்காமல் ஊர் பேர் தெரியாத இடத்தில் வண்டியைப் போட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்கு டாபாவில் ஒரு டீயும் ஒரு சிகரெட்டும் எவ்வளவு ஆறுதல் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். அதனால் உங்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பயந்து போய் எழுதுகிறேன்.

சிகரெட்டை விடச் சொன்னால் வார்டில் எனக்குக் கிடைத்த பதில் பெரும்பாலும் ஒன்றேதான். "எக்ஸ்ரே எடுத்தாச்சு சிஸ்டர், நெஞ்சு கிளீனா இருக்குன்னு சொல்லிட்டாங்க." இருமல் இல்லை, சளி இல்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. அப்படியானால் புகை என்னை ஒன்றும் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். பாக்கெட்டின் மேல் இத்தனை பெரிதாகப் படம் போட்டும், சினிமா போடுவதற்கு முன் எச்சரிக்கை காட்டியும், சிகரெட் என்றால் நுரையீரல், இல்லாவிட்டால் வாய்ப்புற்று என்ற அளவில்தான் மனதில் பதிந்திருக்கிறது. அந்த இரண்டும் வராதவரை தப்பித்துவிட்டதாக நினைப்பு. நான் பார்த்த கால்களுக்குச் சொந்தக்காரர்களில் பலருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருந்தது.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்தை வைத்தே சொல்கிறேன். ஏர் ஃபில்டர் கிழிந்து தூசு உள்ளே போனால் ஃபில்டரா கெடுகிறது? லைனரும் பிஸ்டனும் தேய்கின்றன. ஃபில்டரை மட்டும் பார்த்துவிட்டு இஞ்சின் நன்றாக இருக்கிறது என்று எந்த மெக்கானிக்கும் சொல்லமாட்டார். புகையும் நுரையீரலோடு நிற்பதில்லை. காற்றை ரத்தத்தில் கலப்பதற்கென்றே அமைந்த உறுப்பு நுரையீரல். உள்ளே வருவது நல்ல காற்றா, விஷமா என்று பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. ஓர் இழுப்பு இழுத்த பத்திருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. மூளைக்குப் போகிற ரத்தம்தான் காலுக்கும் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் 70 அளவுக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அவற்றில் பலவும் ரத்தத்தோடு சேர்ந்து உடம்பெல்லாம் சுற்றி வருகின்றன.

இதற்கு வெளிநாட்டுக் கணக்கு எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோரும் சேர்ந்து, சென்னை நகரத்திலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்துபோன ஏறத்தாழ 43,000 ஆண்களைப் பற்றி வீடு வீடாக விசாரித்தார்கள். அது 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 25 முதல் 69 வயது வரையிலான ஆண்களில், புகைக்காதவர்களைவிடப் புகைத்தவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு செத்திருந்தார்கள். சென்னைக் கணக்கில், புகையால் கூடுதலாக நேர்ந்த சாவுகளில் மூன்றில் ஒரு பங்குதான் காசநோய் முதலிய மூச்சுநோய்களால் வந்தது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு இதயமும் ரத்தக்குழாயும் கெட்டதால் வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியாத சாவு அது. செத்தவர்கள் எல்லாரும் நம் தமிழ்நாட்டு ஆண்கள். பீடியும் சிகரெட்டும் பிடித்தவர்கள்.

இனி கால்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

முப்பத்து நான்கு வயதுத் தம்பி ஒருவர் வார்டில் இருந்தார். நாக்பூர், இந்தூர் லைன் ஓட்டியவர். முதலில் வண்டியை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பாதமும் கெண்டைக்காலும் பிடித்து இழுக்கும், நின்றால் விட்டுவிடும். கிளட்ச் மிதித்து மிதித்து நரம்பு இழுக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு வருஷம் ஓட்டினார். அப்புறம் பெருவிரல் ஓரத்தில் நகம் வெட்டின சின்னக் காயம். அது ஆறவில்லை. எங்களிடம் வந்தபோது விரல் நுனி கறுத்திருந்தது. பாதத்தைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். இன்னொரு காலைத் தொட்டால் சூடாக இருக்கும். ராத்திரி முழுக்கத் தூங்கமாட்டார். கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காலைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டே இருப்பார். தொங்கவிட்டால்தான் மிச்சம் மீதி ரத்தம் பாதத்துக்கு இறங்கும், வலி கொஞ்சம் குறையும். தூக்கி நீட்டினால் துடிப்பார். வார்டு விளக்கை அணைத்த பிறகு, தொங்கும் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடி உட்கார்ந்திருப்பார். வலி மருந்து ஊசி போட்டுவிட்டு நானும் பக்கத்தில் நிற்பேன். அதற்கு மேல் செய்ய என்னிடம் ஒன்றுமில்லை. முதலில் விரல் போனது. ஆறு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. விரல் எடுத்த பிறகும் பாத்ரூமில் போய் ஒளிந்து சிகரெட் பிடித்தவர் அவர்.

அவருக்கு வந்ததைப் பர்ஜர் நோய் என்பார்கள். நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற மருத்துவர், வெட்டி எடுக்கப்பட்ட கால்களின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து 1908-இல் எழுதியதால் அந்தப் பெயர். கை கால்களில் இருக்கும் சின்ன, நடுத்தர ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் கட்டி அடைத்துப்போகிறது. கொழுப்பும் வயசும் இதற்குக் காரணமில்லை. புகையிலை பிடிக்காத ஆளுக்கு இந்த நோய் வருவது மிக மிக அபூர்வம். வருவது பெரும்பாலும் 45 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு. நம் நாட்டில் பீடி பிடிப்பவர்களிடம் இது நிறைய. பீடி இலையில் சுற்றியது, இயற்கையானது, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அணையாமல் இருக்க அதை அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதில் ஃபில்டரும் கிடையாது.

இந்த நோய்க்கு மருந்து ஒன்றுதான், புகையிலையை அடியோடு நிறுத்துவது. குறைப்பது போதாது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பிடித்தாலும் நோய் உயிரோடிருக்கும். ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்கும் புகையிலைக்கு மாற்றிக்கொண்டாலும் இருக்கும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் மருத்துவமனையில் இந்த நோயாளிகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்து 1990-இல் வெளியிட்டார்கள். புகைப்பதைத் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் விரலோ காலோ எடுக்க வேண்டி வந்தது. நிறுத்தியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். எந்த அறுவை சிகிச்சை நிபுணரின் கத்தியும் இவ்வளவு காலைக் காப்பாற்றியதில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

வயது ஐம்பதைத் தாண்டிய அண்ணன்மார்களுக்கு வேறு விதமாக வருகிறது. கால் ரத்தக்குழாயின் உள்சுவரில் கொழுப்பு படிந்து படிந்து பாதை குறுகுகிறது. சர்க்கரையும் கூட இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும், நின்றால் விடும். முழங்காலுக்குக் கீழே முடி உதிர்ந்து தோல் மினுமினுப்பாகும். காயம் ஆறாது. உங்களுக்கு அப்படி இருந்தால், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தின் மேற்புறத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே வந்து, இரண்டு விரல் வைத்து நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சில பேருக்கு இயல்பாகவே அங்கே நாடி தட்டுப்படாது. அதனால் கிடைக்கவில்லை என்றதும் பதறவேண்டாம். ஆனால் வலியும் இருந்து நாடியும் இல்லையென்றால் அடுத்த லோடு ஏற்றாதீர்கள். மருத்துவமனையில் கையில் எடுப்பது போலவே கணுக்காலிலும் பிரஷர் பார்த்து ஒப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள். ஊசி கூடப் போடமாட்டார்கள்.

காலில் நடப்பதுதான் இதயத்திலும் நடக்கிறது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடியோடு ரத்தத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால், ஈடு செய்ய உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டிக்கொண்டே போகிறது. ரத்தம் கெட்டியாகிறது. "ஹீமோகுளோபின் பதினெட்டு இருக்கு சிஸ்டர், எனக்கு நல்ல ரத்தம்" என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சிரித்தவர்கள் உண்டு. அது நல்ல ரத்தம் இல்லை அண்ணா. மூச்சுத் திணறுகிற உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் படுகிற பாடு அது. இதற்கு மேல், ரத்தக்குழாயின் உள்சுவர் வழவழப்பை இழக்கிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சட்டென்று ஒட்டிக்கொள்கிற குணத்துக்கு மாறுகின்றன, நிக்கோட்டின் நாடித்துடிப்பை ஏற்றிக் குழாய்களைச் சுருக்குகிறது. இதெல்லாம் ஒன்று சேர்கிற நேரத்தில் ஹார்ட் அட்டாக் வருகிறது. மூளையில் சேர்ந்தால் பக்கவாதம். நம்மைப் போன்ற தெற்காசியருக்கு முதல் அட்டாக் மற்ற நாட்டவரைவிடச் சராசரி ஐந்து வருஷத்துக்கு மேல் முந்தி வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. அட்டாக்கின் முதன்மைக் காரணங்களில் புகைப்பது ஒன்று என்பதும் அதே ஆய்வில் வந்ததுதான். தொப்பூர் இறக்கத்தில் முப்பது டன் வண்டியோடு இறங்கும்போது அந்த நிமிஷம் வந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்த ரோடு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"குறைச்சிட்டேன் சிஸ்டர், இப்ப ஒண்ணு ரெண்டுதான்" என்பது இரண்டாவது பதில். பத்திலிருந்து ஒன்றுக்கு வருவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அந்த முயற்சியை மதிக்கிறேன். ஆனால் இதயத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நாளைக்கு 20 சிகரெட் பிடிப்பவருக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறையப் பாதி, நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்கு கூடும் என்று எதிர்பார்த்தால் பாதி வந்து நிற்கிறது. ரத்தக்குழாயைச் சுண்டிவிடக் கொஞ்சம் புகை போதும். ஒன்றுக்கு வந்துவிட்டவர் பூஜ்யத்துக்கும் வந்துவிட வேண்டும்.

மூத்திரப்பை விஷயத்தைப் பலரும் கேள்விப்பட்டே இருப்பதில்லை. ரத்தத்தில் கலந்த விஷத்தைச் சிறுநீரகம் வடிகட்டி எடுக்கிறது. வடிகட்டியது எங்கே போகும்? சிறுநீர்ப்பையில் வந்து தேங்கும். அங்கே அது உட்சுவரைத் தொட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கிறது. சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதை லுட்விக் ரேன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-இலேயே கவனித்துச் சொன்னார். அந்தச் சாயத்தொழிலில் புற்றுநோய் தந்த அமீன் வகை வேதிப்பொருட்கள் சிகரெட் புகையிலும் இருக்கின்றன. அமெரிக்காவில் சிறுநீர்ப்பைப் புற்றில் ஏறக்குறையப் பாதிக்குப் புகைதான் காரணம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இதன் முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீர் சிவப்பாகப் போவது. ஒரு நாள் போகும், பிறகு பல வாரம் தெளிவாகிவிடும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? இஞ்சின் மேல் உட்கார்ந்து வந்த சூடு என்று இளநீர் குடிக்கிறீர்கள், மோர் குடிக்கிறீர்கள், நின்றுவிட்டது என்று விட்டுவிடுகிறீர்கள். சிவப்பாக ஒரே ஒரு தடவை போனாலும் அது சூடு இல்லை என்று எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் வயிற்றைக் கிழிக்காமலே உள்ளே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். தள்ளிப்போட்டால் பையையே எடுக்க வேண்டி வரும்.

எதிரே வரும் வண்டியின் லைட் முன்னைவிட அதிகமாகக் கூசுகிறதா? அவன் டிம் பண்ணவில்லை என்று கோபப்படுவதற்கு முன், கண்ணைக் காட்டுங்கள். கண்புரை ஆரம்பித்தால் ராத்திரியில் விளக்கு வெளிச்சம் சிதறிக் கூசும். புகைப்பவர்களுக்குக் கண்புரை மற்றவர்களைவிட முன்னதாகவும் அதிகமாகவும் வருகிறது. புரையைக் கூட ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து பார்வை மங்குகிற நோயும் புகைப்பவர்களுக்கு இரண்டு மடங்குக்குமேல் வருகிறது. அதில் போன பார்வையைத் திரும்பக் கொண்டுவர முடிவதில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதுதான் கண்ணைப் பரிசோதிப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

விபத்தில் கால் எலும்பு முறிந்து ராடு போட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர். ஒரே மாதிரி முறிவுதான், ஒரே மாதிரி ஆபரேஷன்தான், ஒருவர் நாலைந்து மாதத்தில் நடந்துவிடுகிறார், இன்னொருவருக்கு வருஷம் ஆகியும் எலும்பு கூடவில்லை. விசாரித்தால் அந்த இன்னொருவர் ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்கு வெளியே போய்ப் புகைத்துவிட்டு வருகிறவராக இருப்பார். எலும்பு கூடவும் புண் ஆறவும் வேண்டியது ரத்தமும் ஆக்சிஜனும். புகை இரண்டையும் குறைக்கிறது. ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே நிறுத்திவிட்டால் சிக்கல் கணிசமாகக் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சர்க்கரை நோயும் இப்படித்தான். புகைப்பவர்களுக்கு அது வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் கூடுதல். பல் ஈறு இன்னும் மோசம். ஈறு கெட்டால் பல் துலக்கும்போது ரத்தம் வந்து எச்சரிக்கும். புகைப்பவர்களுக்குக் குழாய் சுருங்கிக் கிடப்பதால் அந்த ரத்தமும் வருவதில்லை. நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே பல் ஆட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. வார்டில் ஆண்கள் என்னிடம் நேராகச் சொல்லமாட்டார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து போகும்போது பின்னாலேயே போய் மெதுவாகக் கேட்பார்கள். நான் அக்கா முறையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆண்மைக் குறைவுக்குப் புகை ஒரு முக்கியமான காரணம். அதுவும் ரத்தக்குழாய் சமாச்சாரம்தான். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் இதயத்தின் குழாயைவிட மெல்லியது. அதனால் அடைப்பு அங்கே முதலில் தெரியும். இதயத்தில் தெரிய இன்னும் சில வருஷம் ஆகும். லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்து லேகியம் விற்பவரிடம் பேட்டாக் காசைக் கொடுக்கிறீர்கள். அவர் உங்கள் இதயத்தைப் பார்க்கப்போவதில்லை. இந்தப் பிரச்சினை இருக்கிறவர் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால், பின்னால் வரக்கூடிய அட்டாக்கையும் சேர்த்துத் தடுக்கலாம். விந்தணுவின் எண்ணிக்கையும் தரமும் புகையால் குறைகின்றன. குழந்தை இல்லை என்று பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அலையவிடும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

கிளீனர் பிள்ளைகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். நீங்கள் பதினெட்டு, இருபது வயதுக்காரர்கள். சிலர் இன்னும் சிகரெட்டைத் தொடவே இல்லை. ஆனால் டிரைவர் அண்ணன் பிடிக்கும்போது பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறீர்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. வெயிலில் வெந்துபோன தொழிலுக்கு இது பெரிய நிவாரணம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கண்ணாடியை ஏற்றிவிட்ட கேபினில் புகைத்தால் அந்தப் புகை வெளியே போக இடமில்லை. ஏசி குளிர்விக்கும், புகையை அப்புறப்படுத்தாது. தான் புகைக்காமல் பிறர் புகையைச் சுவாசிப்பவருக்கு இதயநோய் வரும் ஆபத்து 25 முதல் 30 சதவீதம் கூடுகிறது. சிகரெட் நுனியிலிருந்து சும்மா எரிந்து கிளம்பும் புகை ஃபில்டரில் கூட வடிகட்டப்படாதது. சீட்டு, மேட், போர்வை எல்லாவற்றிலும் படிந்து, அடுத்த நடைக்கு ஏறும்போதும் அங்கேயே இருக்கும்.

டிரைவர் அண்ணன்மார்களே, அந்தப் பையன் உங்களை எதிர்த்துப் பேசமாட்டான். தொழில் கற்றுக்கொடுக்கிறவர் நீங்கள். ஒரு சொல் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவீர்களோ என்று பயம் அவனுக்கு. அதனால் நீங்களாகத்தான் முடிவு எடுக்க வேண்டும். இன்றைக்கே முழுசாக விட முடியாவிட்டாலும், கேபினுக்குள் பிடிப்பதில்லை என்று இன்றைக்கே முடிவு செய்யலாம். வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, பத்தடி தள்ளிப்போய்ப் பிடியுங்கள். வீட்டிலும் இப்படித்தான். கர்ப்பமாக இருக்கும் பெண் பிறர் புகையைச் சுவாசித்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அடிக்கடி காதில் சீழ் வருகிறது, வீசிங் வருகிறது. நீங்கள் ஊரில் இருப்பதே மாதத்தில் சில நாள்தான். அந்த நாட்களில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு புகைக்காதீர்கள்.

தூக்கம் வராமல் இருக்கத்தான் பிடிக்கிறோம் என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. நிக்கோட்டின் கொஞ்ச நேரம் முழிப்பைத் தரும். ஆனால் அதன் அளவு ரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடுகிறது. அப்போது வரும் எரிச்சல், கொட்டாவி, கவனச்சிதறல் இவற்றில் பெரும்பகுதி முந்தின சிகரெட் விட்டுப்போனது. அதைத் தீர்க்க அடுத்ததைப் பற்றவைக்கிறீர்கள். வண்டியை நிறுத்திப் படுக்கும்போதும் அது ஆழ்ந்து தூங்கவிடாது. தூக்கத்துக்கு மாற்று தூக்கம் மட்டும்தான். இதை லாரி உரிமையாளர்களும் கேட்க வேண்டும். இத்தனை மணிக்குள் அன்லோடிங் பாயிண்டில் நிற்க வேண்டும் என்று தூங்க நேரமே கொடுக்காமல் அனுப்பிவிட்டு, டிரைவர் ஏன் சிகரெட் பிடிக்கிறார் என்று கேட்பதில் நியாயமில்லை. சங்கக் கூட்டங்களில் டோல் கட்டணம் பேசுகிறோம், டீசல் விலை பேசுகிறோம், டிரைவரின் கால் எடுக்கப்பட்டதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

விடுவது முடியுமா என்றால், முடியும். முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம். இரண்டிலிருந்து நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் லோடு இல்லாமல் வீட்டில் இருக்கும் நாட்களில் தொடங்குங்கள். ஓட்டும்போது தொடங்காதீர்கள். மன உறுதி மட்டும் போதாதவர்களுக்கு மருந்துக் கடையில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. அதை மிட்டாய் மாதிரி மென்று தள்ளக்கூடாது. கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். பர்ஜர் நோய் இருக்கிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது, ஏனென்றால் அவர்களுக்கு நிக்கோட்டின் எந்த உருவத்தில் போனாலும் ஆபத்து. ஏக்கத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு, டாக்டர் எழுதித் தருவார். ஒரு தடவை விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தவர்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். கடைசியில் விட்டவர்களில் பலர் இரண்டு மூன்று முறை முயன்றவர்கள்தான்.

வயதாகிவிட்டது, இனி விட்டு என்ன பிரயோஜனம் என்று கேட்கிற அண்ணன்மார்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1951-இல் தொடங்கிய ஆய்வில் ஆண் டாக்டர்கள் ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனிக்கப்பட்டார்கள். முடிவு 2004-இல் வந்தது. வாழ்நாள் முழுக்கப் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருஷம் முந்திச் செத்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் மூன்று வருஷம் திரும்பக் கிடைத்தது. 50-இல் விட்டவர்களுக்கு ஆறு. 40-இல் விட்டவர்களுக்கு ஒன்பது. 30-இல் விட்டவர்களுக்கு ஏறக்குறையப் பத்தும் கிடைத்தது. விட்ட ஒன்றிரண்டு நாளிலேயே கார்பன் மோனாக்சைடு ரத்தத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. இதயநோய்க்கான கூடுதல் ஆபத்து ஒரு வருஷத்தில் ஏறக்குறையப் பாதியாகிறது.

அடுத்த நடைக்கு வண்டி எடுக்கும் முன் ஒரு நம்பரை போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. இலவசம். தமிழிலும் பேசலாம். எப்படி விடுவது என்று கூடவே இருந்து சொல்லித் தருவார்கள். கால் வலிக்கிறவர்கள், சிறுநீர் சிவப்பாகப் போனவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறவர்கள் போன் செய்துகொண்டிருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை வருஷமாகப் புகைக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

டிரைவர் அண்ணனிடம் சொல்ல வாய் வராத கிளீனர் பிள்ளைகள், இந்தக் கடிதத்தை அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் சிஸ்டர் சொல்லச் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் லாரி வீட்டு அக்கா